திருத்தம் எண் மூன்றும் ஏழாவது கையெழுத்தும்

"எதிரணி ஆளைப் பின்புறமிருந்து மோதியதாக ஒருவருக்கு மேஜர் பெனால்டி அறிவிக்கப்பட்டால், அது ஸ்கோர்ஷீட்டில் எழுதப்படுவதற்கு முன் நடுவர் அந்தக் காட்சியின் பதிவை ஒருமுறை பார்க்கலாம். மோதப்பட்டவர் கடைசி நொடியில் தானாகவே முதுகைத் திருப்பியது தெரிந்தால், பெனால்டியைக் குறைக்கலாம் அல்லது நீக்கிவிடலாம்."

எங்கள் கல்லூரி ஐஸ் ஹாக்கி லீகின் விதிப்புத்தகத்தில் இது திருத்தம் எண் மூன்று. வாசகத்தை எழுதியவன் நான். 'பார்க்கலாம்' என்பதா 'பார்க்க வேண்டும்' என்பதா என்று இரண்டு நாள் யோசித்தவனும் நான்தான். அது தேவைப்பட்ட சனிக்கிழமை காலையில் அந்தக் காகிதம் என் நீலக் கோப்பில் இருந்தது. கோப்பு என் பையில் இருந்தது. பை என் காலடியில் இருந்தது. குனிந்தால் எடுத்திருக்கலாம். எனக்கு முதுகுவலி கிடையாது.

கும்பகோணத்துக்காரன் ஒருவனுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தாரில், ராஸ் லஃபானில் எரிவாயு ஆலைகள் கட்டிய ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் டாகுமென்ட் கன்ட்ரோலில் இருந்தேன். வரைபடங்களும் செயல்முறைகளும் திருத்தப்படும்போது, பழைய பிரதி யாரிடமும் இல்லாமல், புதிய பிரதி எல்லோரிடமும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் வேலை. பிரதி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். கடைசிச் சீட்டு வரும்வரை திருத்தம் அமலுக்கு வராது. இதைக் கேட்டுச் சிரித்த இன்ஜினியர்கள் பலர். ஒருமுறை, நான் சேருவதற்கு முன்பு, ஒரு குழு பழைய வரைபடத்தையும் இன்னொரு குழு புதியதையும் வைத்துக்கொண்டு ஒரே குழாயின் இரண்டு முனைகளில் வேலை செய்திருக்கிறார்கள். ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். பிற்பாடு அவர் எங்கள் ஆபீஸிலேயே ஃபோட்டோகாப்பி எடுக்கும் வேலையில் இருந்தார். அவர் தாளை எடுத்து வைக்கும் விதத்தைத் தினமும் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு யார் சிரித்தாலும் எனக்கு உறைக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் அபுதாபியில் மகன் வீட்டுக்கு வந்தோம். முன்பு என் விசாவில் அவன் இருந்தான், இப்போது அவன் விசாவில் நான் இருக்கிறேன். பேத்தி ஐஸில் நடனம் கற்றுக்கொள்ள மால் ஒன்றின் கீழ்த்தளத்து ரிங்க்குக்குப் போவாள். அவளுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்த இடத்தில்தான் கல்லூரி லீக் மேட்ச் ஒன்றின் ஸ்கோர்ஷீட்டைப் பார்த்தேன். பெனால்டி தொடங்கிய நேரத்துக்கு எதிரே முடிந்த நேரத்தை எழுதியிருந்தார்கள். சுட்டிக்காட்டினேன். அடுத்த வாரமே என்னை ஸ்கோர் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

லீகின் செயலாளரும் தலைமை நடுவரும் ஒருவரே. கனடாக்காரர். ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். ஆறு கல்லூரிகள், ஒவ்வொரு அணியிலும் பையன்களும் பெண்களும் கலந்து ஆடுவார்கள், தனித்தனி அணிக்கு ஆள் தேறாது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆறு கல்லூரிகளிடமும் நான்கு விதமான விதிப்புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் பாதிப் பக்கங்கள் காணோம். நான் அவற்றை ஒன்றாக்கி, எண்ணிட்டு, ஏழு பிரதிகள் தயாரித்தேன். கல்லூரிக்கு ஒன்று, தலைமை நடுவருக்கு ஒன்று. கூடவே திருத்தங்களை எப்படிச் சுற்றுக்கு விடுவது என்று இரண்டு பக்கச் செயல்முறையும். கனடாக்காரர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "இது காலேஜ் ஹாக்கி, கேஸ் பிளான்ட் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து என்னை அவர் 'கேஸ் பிளான்ட்' என்றே கூப்பிட்டார். ஐஸைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டும் பெஷாவர்க்காரர்கூட "கேஸ் பிளான்ட் பாய்" என்று அழைக்க ஆரம்பித்தார். நான் கோபப்படவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருத்தம் மூன்று தேவைப்பட்ட அந்தப் பெண் என்னிடம் முதலில் பேசியது ஒரு பெனால்டிக்கு நடுவில். இரண்டு நிமிடத் தண்டனை வாங்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஸ்கோர் மேசைக்கும் தண்டனைப் பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. நான் பேனாவின் மை உறைந்துவிட்டதே என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், நீங்க தமிழா?"

"ஆமாம்மா. நீ எத்தனாம் நம்பர்?"

"செவன்டீன். இது வேஸ்ட் பெனால்டி அங்கிள், நான் மட்டையால யாரையும் ஹூக் பண்ணவே இல்ல."

"எழுதியாச்சு."

"ரப்பர் இல்லையா உங்ககிட்ட?"

"ஸ்கோர்ஷீட்டுல அழிக்கக்கூடாது. கோடு போட்டுப் பக்கத்துல இனிஷியல் போடணும்."

அவள் தலைக்கவசத்துக்குள் சிரித்தாள். "எங்கப்பாவ நீங்க மீட் பண்ணணும். அவரும் இப்படித்தான் ஃப்யூஸ் போனாக்கூட ரிப்போர்ட் எழுதுவாரு."

அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். சொந்த ஊர் கரூர். மகள் பிறந்தது இங்கே. ஏழு வயதில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு ரிங்க்குக்குப் போனவள், அங்கிருந்து திரும்பி வரவே இல்லை என்பார். சனிக்கிழமை காலை மேட்ச்களுக்கு அவர் வருவார். மால் திறப்பதற்கு முன்பு, பொதுமக்களுக்கு ரிங்க் விடும் நேரத்துக்கு முன்பு, ஏழு மணிக்குத் தொடங்கும் மேட்ச்கள். வெளியே மே மாதத்து வெயில் அந்த நேரத்திலேயே காரின் கைப்பிடியைத் தொட விடாது. அவர் அதில் நடந்து வந்து, வாசலில் நின்று, பையிலிருந்து ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே வருவார். இந்த ஊரில் குரங்குக் குல்லா வைத்திருக்கும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேனுங்க என்று பெருமையாகச் சொல்வார்.

அவள் தடுப்பாட்டக்காரி. பெரிய உருவம் இல்லை. ஆனால் எதிரணி ஆள் எங்கே போகப் போகிறான் என்று அவனுக்கு முன்பே தெரிந்துகொண்டு அங்கே நிற்பாள். இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு விதிகள் மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு பார்த்தாலே அவள் ஆட்டம் நன்றாக இருந்தது. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஜூனில் படிப்பும் முடிகிறது, அப்பாவுக்கு அறுபது ஆகி வேலையும் முடிகிறது, விசாவும் முடிகிறது. குடும்பத்தோடு கரூர்.

"கரூர்ல ஐஸ் எங்கீங்க இருக்குது? கல்யாண மண்டபத்துல ஐஸ்க்ரீம் வைப்பாங்க, அவ்வளவுதான்" என்றார் அவர் ஒருநாள். சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. "இந்த சீசன் ஃபைனல் ஆடிட்டா போதுமுங்கிறா. நாலு வருசமா செமிஃபைனல்லயே தோத்துட்டு வர்றாங்கொ. ஒரு ஃபைனல் ஆடிட்டு மட்டையக் கீழ வெச்சர்றேங்கிறா."

அவள் கேட்டது அவ்வளவுதான். கோப்பை வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை, ஃபைனலில் ஆட வேண்டும்.

திருத்தம் மூன்று பிறந்தது ஏப்ரலில். ஒரு மேட்சில் தவறான மேஜர் பெனால்டி கொடுத்துவிட்டு, பிறகு பதிவைப் பார்த்த கனடாக்காரர் தானே வருத்தப்பட்டார். ஒவ்வொரு மேட்சையும் ரிங்க்கின் கேமரா பதிவு செய்கிறது. அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி பெரிய லீகுகளில் எல்லாம் வந்துவிட்டது, நாமும் கொண்டுவரலாம் என்றார். மேஜர் என்றால் ஐந்து நிமிடம் ஆள் குறைவு என்பதோடு போகாது. பின்புறம் மோதியதற்கு என்றால் அந்த மேட்சிலிருந்து வெளியேற்றம், அடுத்த மேட்சுக்கும் தானாகத் தடை. லீக் கமிட்டி ஒப்புக்கொண்டது. வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எழுதினேன். ஏழு பேருக்கும் சீட்டோடு அனுப்பினேன்.

ஆறு சீட்டுகள் பத்து நாளில் திரும்பின. கனடாக்காரருடையது முதலில் வந்தது, கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தார். ஏழாவது வரவில்லை. அது அவளுடைய கல்லூரியின் சீட்டு.

நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். வருடாந்திர விடுமுறையில் இருக்கிறேன் என்று அணி மேலாளரின் தானியங்கிப் பதில் வந்தது. நினைவூட்டல் இரண்டு அனுப்பினேன். அதே பதில். கனடாக்காரரிடம் சொன்னேன், அவர் கையை விரித்து, "கேஸ் பிளான்ட், எல்லாருக்கும்தான் தெரியுமே, விடு" என்றார். செயல்முறை அப்படிச் சொல்லவில்லை என்றேன். "அப்படியானால் உன் செயல்முறையையே கேள்" என்றார்.

செயல்முறையில் இன்னொன்றும் இருந்தது, அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையை எழுதியே பயனில்லை. பிரிவு ஆறு. அவசரத் தேவை ஏற்பட்டால், சீட்டுகள் வந்து சேராவிட்டாலும், ஆவணப் பொறுப்பாளர் தன் கையெழுத்தில் ஒரு திருத்தத்தை அமலுக்குக் கொண்டுவரலாம். ஆலையில் நான் அதைப் பதினொரு முறை பயன்படுத்தியிருக்கிறேன். லீகில் அதைப் பயன்படுத்த எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். தோன்றியது. செமிஃபைனலுக்கு முந்தைய நாள் மாலை பையை அடுக்கும்போதே தோன்றியது. பேனாவையும் எடுத்தேன். பிறகு, ஒரு சீட்டு வராததற்கு யாராவது ஒருமுறை விலை கொடுத்தால்தான் இவர்களுக்குப் புரியும் என்று நினைத்துப் பேனாவை மூடினேன். விலை கொடுப்பவருக்கு முகம் எதையும் நான் வைத்துப் பார்க்கவில்லை. கனடாக்காரரின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது எப்படி மாறும் என்று.

செமிஃபைனல். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. எதிரணிப் பையன் ஒருவன் மூலையில் பலகைச் சுவரை ஒட்டி ரப்பர் வட்டைத் துரத்திப் போனான். அவள் பக்கவாட்டில் வந்தாள். தோளோடு தோள், முறையான மோதலாக இருந்திருக்கும். கடைசி நொடியில் அவன் வட்டைக் காப்பதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பினான். அவன் முதுகில் இவள் தோள் பட்டது. பலகையில் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவன் விழுந்து, உடனே எழுந்தும்விட்டான்.

விசில். கனடாக்காரர் கையைத் தூக்கினார். பின்புறமிருந்து மோதல், மேஜர், வெளியேற்றம்.

நான் இருந்த இடத்திலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவரிருந்த இடத்திலிருந்து அவன் திரும்பியது தெரிந்திருக்காது. அவருக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும், சறுக்கிக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார். வெளியே போக வேண்டியவளும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"கேஸ் பிளான்ட்" என்றார் மூச்சுவாங்க. "அந்தத் திருத்தம். பதிவைப் பார்க்கலாமா? அமலுக்கு வந்துவிட்டதா?"

ஸ்கோர் மேசையில் இருப்பவர் கேட்காமல் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பது விதி. பலமுறை நான் பின்னால் ஒளிந்துகொண்ட விதி. ஆனால் அன்று அவர் கேட்டார். அதுவும் சரியான கேள்வியை, சரியான ஆளிடம், எழுதுவதற்கு முன் கேட்டார். என் பதிலுக்கு ஒரு கையெழுத்து போதும். பேனா கையிலேயே இருந்தது.

"இல்லை" என்றேன். "ஏழு சீட்டில் ஆறுதான் வந்திருக்கிறது. இன்னும் அமலுக்கு வரவில்லை."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நான் எதிர்பார்த்திருந்த முகமாற்றம் எதுவும் இல்லை. "ஓகே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எழுதினேன்: எண் பதினேழு, மேஜர், வெளியேற்றம். நேரத்தைச் சரியான கட்டத்தில் எழுதினேன்.

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஜன்னலருகில் நின்றாள்.

"அங்கிள், யாரோட சீட்டு வரல?"

"உங்க காலேஜோடது."

சொல்லியிருக்க வேண்டாம். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்தான். ஆனால் அதைச் சொன்னபோது எனக்குள் கொஞ்சம் நிம்மதி இருந்தது. குற்றத்தை அது சேர வேண்டிய முகவரிக்கு அனுப்பிவிட்டது மாதிரி.

"எங்க மேனேஜர் ரிசைன் பண்ணிட்டுப் போயிட்டாரே அங்கிள். திரும்ப வர மாட்டாரு. ஒன் மன்த்தா ஐஸ் புக்கிங்லருந்து எல்லாம் நான்தான் பாக்குறேன்." அவள் குரலில் கோபம் இல்லை, கணக்கு ஒன்று ஒத்துவராத குழப்பம்தான் இருந்தது. "எவ்ரி சாட்டர்டே உங்கள பாக்குறேனே. எங்கிட்ட குடுத்திருந்தா இங்கயே சைன் பண்ணியிருப்பேனே."

"கையெழுத்துப் போட அதிகாரம் மேலாளருக்குத்தான்."

"ஓ" என்றாள். பிறகு, வெளியேற்றப்பட்டவர் பின்பற்ற வேண்டிய முறைப்படி, யாரிடமும் பேசாமல் உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

மிச்சமிருந்த ஐந்து நிமிடத்தையும் அவளுடைய அணி ஒரு ஆள் குறைவாக ஆடித் தாக்குப்பிடித்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாக ஃபைனல். மைதானத்தில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா குரங்குக் குல்லாவோடு என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க சார், புள்ள அடிச்சது தப்புங்களா?"

"இல்லைங்க. அந்தப் பையன் கடைசியில திரும்பிட்டான்."

"அப்பறம் எதுக்குங்க வெளிய அனுப்புனாங்க?"

"நடுவருக்கு அது தெரியல. வீடியோ பார்க்கலாம்னு ஒரு ரூல் இருக்கு. ஆனா அது இன்னும் அமலுக்கு வரல."

"எங்கீங்க இருக்குது அந்த ரூலு?"

நான் பையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"பையிலதான் இருக்குங்க."

அவர் குல்லாவைக் கழற்றி மடித்தார். மின்வேலை செய்பவர், பூட்டுப் போட்ட சுவிட்ச்சுக்குச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் வரும்வரை காத்திருக்கும் பழக்கம் உள்ளவர். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சேரிங்க சார். புரொசீஜர்னா புரொசீஜர்தானுங்களே" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நாற்பது வருடம் வேலை பார்த்த ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குக் கொடுக்கும் மரியாதையில் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு நாள் அவகாசம் உண்டு. அணி மேலாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். திங்கட்கிழமை மாலை அவள் ஃபோன் செய்தாள்.

"அங்கிள், கேப்டன் சைன் பண்ணா ஒத்துப்பாங்களா?"

"இல்லம்மா. மேலாளர்."

"மேனேஜரே இல்லைன்னா?"

"புது மேலாளரை காலேஜ் நியமிச்சு லெட்டர் குடுக்கணும்."

"அதுக்கு மினிமம் டூ வீக்ஸ் ஆகும்." ஃபைனல்வரை இருந்த நாட்களை வாய்க்குள் எண்ணினாள். "கலாஸ் அங்கிள், முடிஞ்சுது. பரவால்ல. தேங்க்ஸ்."

ஃபோனை வைத்ததும் என் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே, "யாரு?" என்றாள். சொன்னேன். முழுவதையும் சொன்னேன், பிரிவு ஆறு நீங்கலாக. அவள் என்னோடு முப்பத்தெட்டு வருடமாக இருப்பவள்.

"அவசரம்னா நீங்களே கையெழுத்துப் போடுற மாதிரி ஏதாவது வெச்சிருப்பீங்களே. இல்லாம எழுத மாட்டீங்களே நீங்க."

நான் எழுந்து போய் ஃபோனை சார்ஜில் போட்டேன்.

"வெச்சிருக்கீங்க" என்றாள். பிறகு நறுக்கியதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று குழம்பில் உப்பு சரியாக இருந்தது, எல்லாமே வழக்கம்போல் இருந்தது, அதற்கப்புறம் அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

அப்போதும் வழி இருந்தது. ஆவணப் பொறுப்பாளர் தன் தவறை ஒப்புக்கொண்டு கமிட்டிக்குக் குறிப்பு அனுப்பலாம். கமிட்டி தடையை நீக்கலாம். செவ்வாயன்று எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் தவறு என்று எழுதினேன். இரண்டாவதில் அதை விடுபடல் என்று மாற்றினேன். மூன்றாவதில் சூழ்நிலை என்று ஆகிவிட்டது. நான்காவது வரைவில் யாரும் எதுவும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்திருந்தது. அந்த வாசகத்தை அனுப்ப எனக்கே கூசியது. முதல் வரைவை அனுப்பவோ துணிவில்லை. அதை அனுப்பினால் பிரிவு ஆறைப் பற்றி அவர்கள் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கமிட்டி ஆபீஸ் மூடும் நேரம்வரை நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும் எடுத்துக் கோப்பில் வைத்தேன். வரைவுகளைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஃபைனலுக்கு அவள் சாதாரண உடையில் வந்தாள். தடை செய்யப்பட்டவர் அணியின் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று விதி இருக்கிறது. கனடாக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தார். ஆட்டம் நடக்கும்போதே ஆட்கள் மாறிக்கொண்டிருப்பார்கள் என்பதால் பெஞ்சின் கதவை ஒருவர் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். உள்ளே வருபவர் வேகத்தைப் பார்த்து, மிகச் சரியான நேரத்தில் திறந்தாள். ஒருமுறைகூட யாரும் கதவில் இடிக்கவில்லை. நான் நேரத்தை எழுதுவதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை, திரும்பாமல் இருக்க முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை. வேலை இருந்தது.

அவர்கள் ஜெயித்தார்கள். மூன்று கோல் வித்தியாசம். புகைப்படத்துக்கு அவளையும் ஐஸுக்குள் இழுத்தார்கள். காலில் வெறும் கான்வாஸ் ஷூ. இரண்டு அடி வைத்தாள், வழுக்கியது, பக்கத்தில் இருந்த பையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பதினான்கு வருடமாக அந்த ஐஸில் ஓடியவள் நான் பார்த்து வழுக்கியது அந்த ஒரு தடவைதான்.

அவள் அப்பா அன்று மேசைக்கு வந்து என்னிடம் கைகொடுத்துவிட்டுப் போனார். "ஜெயிச்சிட்டாங்கொ பாருங்க" என்றார். ஸ்வெட்டர் போட்டிருந்தார், குல்லா போடவில்லை.

ஃபைனல் முடிந்த இரண்டாவது புதன்கிழமை, அந்தக் கல்லூரியின் புது மேலாளர் ஏழாவது சீட்டைக் கையெழுத்திட்டு அனுப்பினார். மிகவும் மன்னிக்கவும், தாமதத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். திருத்தம் மூன்று அமலுக்கு வந்தது. சீசனில் மேட்ச் எதுவும் மிச்சமில்லை.

அவர்கள் ஜூன் கடைசியில் கரூர் போய்விட்டார்கள். கிளம்பும் முன் வீட்டுச் சாமான்களை விற்பதற்காக வாட்ஸ்அப் குழுவில் படங்கள் போட்டார் அப்பா. ஃப்ரிட்ஜ், கட்டில், இரண்டு சோபா. ஸ்கேட்டும் மட்டையும் அதில் வருமோ என்று ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலையில் அவளுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. ஒன்றாகக் குறைத்தேன். அதில் பிரிவு ஆறு இருந்தது. செமிஃபைனலுக்கு முந்தைய நாள் பேனாவை மூடியதும், ஏன் மூடினேன் என்பதும் இருந்தது. மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அவளுக்கு இன்னொரு வேலை கொடுத்ததாகும் என்று நினைத்தேன். நடந்தது இது, இதைச் செய்தவன் நான், உன் கல்லூரி இல்லை, நீயும் இல்லை என்று மட்டும் எழுதினேன். அவள் அப்பாவிடம் முகவரி வாங்கி கூரியரில் அனுப்பினேன்.

அனுப்பிய இரண்டாம் நாள் பிரதிகளைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் பார்த்தேன், கடிதத்தோடு பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் இணைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடக் கை. உறைக்குள் எது போனாலும் அதன் பின்னால் சீட்டும் போகும். ஆவணத்தின் பெயர், பக்கங்களின் எண்ணிக்கை, கீழே நான்கு கட்டங்கள்: ஏற்கப்பட்டது, குறிப்புகளுடன் ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, தகவலுக்கு மட்டும். அதற்குக் கீழே கையெழுத்து, தேதி. ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு அதை வைத்து அனுப்பியவனை அவள் என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. மறுபடி ஒரு கடிதம் எழுதி அந்தச் சீட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லலாம் என்று தோன்றியது. அதையும் எழுதினால் அதன் பின்னாலும் ஒரு சீட்டு போய்விடும் என்று பயமாக இருந்தது.

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரில் புது சீசன் தொடங்கியது. செயல்முறையைத் திருத்தினேன்: ஏழு நாளில் சீட்டு வராவிட்டால் பெற்றுக்கொண்டதாகவே கருதப்படும். கனடாக்காரர் இந்தமுறை அதை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார், அது எப்போதிலிருந்து என்று நான் கவனிக்கவில்லை. அக்டோபரில் திருத்தம் மூன்றின்படி முதல்முறையாக ஒரு மேஜர் பெனால்டி நீக்கப்பட்டது. பையன் ஒருவன். பதிவைப் பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நான் குனிந்து பையைத் தேடுவதுபோல் இருந்தேன்.

கூரியர் உறை வந்த நாளில் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அனுப்பியவர் முகவரி கரூர். உள்ளே கடிதம் இல்லை. என் சீட்டு மட்டும் இருந்தது, நான்காக மடித்து. முதல் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. நான்காவதில், தகவலுக்கு மட்டும் என்பதற்கு எதிரே, நீல மையில் ஒரு டிக். முதலில் மூன்றாவது கட்டத்தில், நிராகரிக்கப்பட்டது என்பதில், பேனாவை வைத்திருக்கிறாள். அங்கே ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அதை அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இனிஷியல் போட்டிருந்தாள்.

வந்து சேரும் ஆவணத்தில் முத்திரை குத்தித் தேதி எழுத வேண்டும். முத்திரை ராஸ் லஃபானோடு போயிற்று. ஆகவே கையால் எழுதினேன்: பெறப்பட்டது, நவம்பர் பதினொன்று.